கம்பு, கேழ்வரகு, தினை: கொழுப்பு அமில அளவு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனை மாவு மில்லில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் கையில் கேழ்வரகோ கம்போ இருக்கும்; ஆடி மாதம் பிறந்துவிட்டால் அது முக்கால்வாசி ஆகிவிடும். உணவுப் பகுப்பாய்வுக் கூடமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததிலிருந்து, அந்த வரிசையில் நிற்பவர்களும் கூழ்க்கடை நடத்தும் பெண்களும் வேதியியல் படிக்கும் அக்கம்பக்கத்து மாணவர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மில்லின் இரைச்சலில் அரைகுறையாகச் சொன்ன விடைகளைச் சற்று விரித்தும் திருத்தியும் எழுதியிருக்கிறேன்.

ஒரே மூட்டைக் கம்பை இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினேன். ஒன்று கொழுப்பு 4 சதவீதம் என்கிறது. மற்றொன்று ஐந்தரை என்கிறது. இரண்டில் எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மில் உரிமையாளர் இந்த இரண்டு அறிக்கைகளையும் என் முன்னால் வைத்தபோது நான் முதலில் பார்த்தது எண்களை அல்ல, அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஆய்வு முறையைத்தான்.

கொழுப்பை அளப்பதற்கு மாவைக் கரைப்பானில் ஊறவைத்து, கரைந்து வருவதை எடை போடுகிறார்கள். 1879-இல் ஜெர்மானியரான சாக்ஸ்லெட் வடிவமைத்த கண்ணாடிக் கருவிதான் இன்றும் பெரும்பாலான கூடங்களில் இதற்குப் பயன்படுகிறது. பெட்ரோலியம் ஈதர், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் தனித்து நிற்கும் கொழுப்பை மட்டுமே இழுத்து வரும். மாவுச்சத்தோடும் புரதத்தோடும் பிணைந்து கிடக்கும் கொழுப்பை அவை தொடுவதில்லை. அந்தப் பகுதியையும் வெளிக்கொணர வேண்டுமானால் மாவை முதலில் அமிலத்தில் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குளோரோபார்ம்-மெத்தனால் கலவை போன்ற வீரியமான கரைப்பானைப் பயன்படுத்த வேண்டும். தானியங்களில் இந்தப் பிணைந்த கொழுப்பு புறக்கணிக்கத்தக்க அளவன்று.

மாவின் பருமனும் கணக்கில் சேரும். கரகரப்பாக அரைத்த கம்பின் உள்ளே கரைப்பான் முழுதாக நுழைவதில்லை. ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டார்களா என்பது அடுத்த கேள்வி: 12 சதவீத ஈரம் உள்ள தானியத்தில் 5 சதவீதக் கொழுப்பு இருந்தால், ஈரம் நீக்கிய கணக்கில் அதுவே 5.7 என்று காட்டும். பொருளில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எண் ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு எஞ்சுகிற வேறுபாடுதான் தானியத்தின் உண்மையான வேறுபாடு.

“தினையில் லினோலீயிக் அமிலம் 65 சதவீதம்” என்று படித்தேன். அப்படியானால் தினை மூன்றில் இரண்டு பங்கு எண்ணெயா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்கட்டும். லினோலீயிக் என்பது கொழுப்பைக் கட்டியமைக்கும் கொழுப்பு அமிலங்களில் ஒன்று. கொழுப்பு அமிலத்தைப் பற்றிய எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, “எதில் இத்தனை சதவீதம்?” என்பதே.

தானியத்திலிருந்து கொழுப்பைப் பிரித்து, அதை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்துவார்கள். கருவி தருகிற எண், மொத்தக் கொழுப்பு அமிலங்களை நூறாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் அமிலத்தின் பங்கைச் சொல்வது. அந்தத் தானியத்தில் கொழுப்பு எவ்வளவு இருந்தது என்பது கருவிக்குத் தெரியாது. ஆகவே 65 என்பது தினைக் கொழுப்பில் 65 பங்கு, தினையில் அல்ல. நூறு கிராம் தினையில் கொழுப்பே நான்கு கிராமை ஒட்டித்தான் இருக்கிறது.

இன்னொரு படியும் இருக்கிறது. கொழுப்பு என்று எடை போடப்படுவது முழுவதும் கொழுப்பு அமிலம் அன்று. அதில் கிளிசரால் உண்டு, மெழுகு உண்டு, ஸ்டீரால் உண்டு. சிறுதானியங்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கைக் கொழுப்பு அமிலமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கின்படி நூறு கிராம் தினையில் லினோலீயிக் அமிலம் 2 கிராமை ஒட்டி வரும். கம்பில் அந்த அமிலத்தின் பங்கு 45 முதல் 48 சதவீதம்தான். ஆனால் கம்பில் கொழுப்பு கூடுதலாக இருப்பதால் அங்கேயும் ஏறக்குறைய 1.8 கிராம் வருகிறது. 65-க்கும் 47-க்கும் இடையில் தெரிந்த பெரிய இடைவெளி தட்டில் வந்து விழும்போது காணாமற்போகிறது. விளம்பரங்களில் சதவீதம் மட்டும் பெரிய எழுத்தில் வருவது ஏன் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எந்தச் சிறுதானியத்தில் எந்த அமிலம் மிகுதி?

சிறுதானியக் கொழுப்பில் ஐந்து அமிலங்களே முக்கியம்: நிறைவுற்றவையான பால்மிட்டிக், ஸ்டீயரிக், ஒற்றை இரட்டைப்பிணைப்புள்ள ஒலீயிக், இரண்டு இரட்டைப்பிணைப்புள்ள லினோலீயிக், மூன்றுள்ள லினோலெனிக். தினை, பனிவரகு ஆகியவற்றின் கொழுப்பில் லினோலீயிக் அறுபது சதவீதத்தைத் தொடும் அல்லது தாண்டும். கம்பிலும் சோளத்திலும் அது பாதியை நெருங்கும். வரகில் ஒலீயிக்கும் லினோலீயிக்கும் கிட்டத்தட்ட சரிசமமாக நிற்கின்றன. கேழ்வரகுதான் தனிப்போக்கு உடையது: அதில் ஒலீயிக் அமிலமே முதலிடம் பெற்று நாற்பத்தைந்து சதவீதத்தை ஒட்டி நிற்க, லினோலீயிக் கால்பங்களவுக்கு இறங்கிவிடுகிறது. லினோலெனிக் எதிலும் சில சதவீதத்துக்கு மேல் போவதில்லை.

கம்பில் மட்டும் ஏன் இவ்வளவு கொழுப்பு? கேழ்வரகில் ஏன் இல்லை?

விடை முளைக்கருவின் அளவில் இருக்கிறது. தானியத்தின் வெண்மையான உட்பகுதி பெரும்பாலும் மாவுச்சத்து. கொழுப்பு குடியிருப்பது முளைக்கருவிலும் அதை அடுத்த தவிட்டு அடுக்கிலும். கம்பு மணியின் எடையில் முளைக்கரு மட்டும் ஏறத்தாழ 17 சதவீதம். சோளத்தில் அது பத்துக்கு அருகில். கோதுமையில் மூன்றுக்கும் கீழே. ஒரு கம்பு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், கூர்மையான முனைப் பக்கம் வெளிர் நிறத்தில் ஒரு பள்ளம் தெரியும். அதுதான் முளைக்கரு இருக்குமிடம். கேழ்வரகு மணியில் அதைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

ஒரே பயிருக்குள்ளும் இதே காரணம் வேலை செய்கிறது. கம்பு வகைகளில் கொழுப்பு 3 சதவீதத்திலிருந்து 7 வரை பரவியிருப்பதற்கு, மணியோடு ஒப்பிடுகையில் முளைக்கரு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதும் முக்கியமான காரணம். பெருமணியாகத் திரண்ட தானியத்தில் மாவுச்சத்து கூடிக் கொழுப்பின் விகிதம் தாழலாம். வறட்சியில் சூம்பிய மணியில் அது கூடியதுபோலத் தோன்றலாம். சூம்பிய மணியின் “கூடுதல் சத்து” இப்படிக் கணக்கில் பிறந்த சத்துதான்.

ஒலீயிக் ஏறினால் லினோலீயிக் இறங்குவதும், இது இறங்கினால் அது ஏறுவதும் ஏன்?

இரண்டும் ஒரே குடும்பச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அண்ணன் தம்பிகள். செடியானது முதலில் ஒலீயிக் அமிலத்தை உருவாக்குகிறது. பிறகு டீசாச்சுரேஸ் என்ற நொதி அதில் இன்னோர் இரட்டைப்பிணைப்பை ஏற்றி லினோலீயிக் ஆக்குகிறது. அந்த நொதி சுறுசுறுப்பாக இருந்தால் லினோலீயிக் பெருகும். சோம்பினால் ஒலீயிக் அப்படியே தங்கிவிடும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: கம்பில், கேழ்வரகில், தினையில், சோளத்தில் கூட்டுத்தொகை எழுபதிலிருந்து எண்பதுக்குச் சற்று மேல் வரைக்குள் அடங்கிவிடும். பயிருக்குப் பயிர் மாறுவது பெரும்பாலும் பங்கீடுதான்.

ஒரே ரக விதையை விழுப்புரத்தில் விதைத்தாலும் ராஜஸ்தானில் விதைத்தாலும் ஒரே கொழுப்பு அமிலம்தானே வரும்?

வர வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மணி பால்பிடித்து முற்றுகிற நாட்களில் நிலவும் வெப்பம் அந்த நொதியைப் பாதிக்கிறது. சூரியகாந்தியில் இது தெளிவாக நிறுவப்பட்ட உண்மை: குளிர்ச்சியான நாட்களில் முற்றிய விதையில் லினோலீயிக் மிகுந்தும், கடும் வெயிலில் முற்றிய விதையில் ஒலீயிக் மிகுந்தும் இருக்கும். சிறுதானியங்களிலும் ஒலீயிக்கை லினோலீயிக் ஆக்குவது இதே வகை நொதிதான். தமிழ்நாட்டில் கம்பு ஆடிப்பட்டத்திலும் விதைக்கப்படுகிறது, மாசி, சித்திரைப் பட்டங்களிலும் இறவையில் விதைக்கப்படுகிறது. ஐப்பசியில் முற்றும் கதிரும் வைகாசியில் முற்றும் கதிரும் ஒரே வெயிலைப் பார்ப்பதில்லை. மண்ணின் சத்து, நீர், அறுவடைக்காலம் ஆகியவையும் கை வைக்கின்றன. ஆயினும் ரகத்துக்கு அடுத்தபடி நான் முதலில் விசாரிப்பது பட்டத்தைத்தான்.

வடசென்னைக் கடைகளில் இந்த விவரம் கிடைப்பது அரிது. கொத்தவால்சாவடிப் பக்கத்து மொத்தக் கடையில் வாங்கும் கம்பு எந்த ஊர்க் கம்பு என்று கேட்டால் சொல்வார்கள். எந்தப் பட்டத்துக் கம்பு என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பழைய சத்து அட்டவணையும் புதிய அட்டவணையும் ஒத்துப்போகவில்லையே?

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் கேழ்வரகுக் கொழுப்பு 1.3 கிராம், வரகு 1.4, சாமை 4.7, கம்பு 5.0. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் கேழ்வரகு 1.92, வரகு 2.55, சாமை 3.89, கம்பு 5.43. எல்லாமே நூறு கிராம் கணக்கு. மூன்று ஏறியிருக்கின்றன, ஒன்று இறங்கியிருக்கிறது.

இதைக் கண்டு எந்த அட்டவணையையும் நம்ப முடியாது என்று ஒரு மாணவர் சலித்துக்கொண்டார். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். இடையில் ரகங்கள் மாறின, கருவிகள் மாறின; 2017-ஆம் ஆண்டு அட்டவணைக்காக நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து மாதிரிகள் திரட்டப்பட்டன. சிறுதானிய அரிசிகளில் தீட்டின அளவு மாறினாலும் எண் மாறும். பழைய அட்டவணையில் பனிவரகுக்கு 1.1 கிராம்தான், ஆனால் தவிடு போகாத பனிவரகில் மூன்று கிராமுக்கும் மேல் இருக்கும். அட்டவணை எண் ஒரு சராசரி. அதை உங்கள் வீட்டுத் தூக்குவாளியில் இருக்கும் மாவின் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அரைத்த கம்பு மாவு பத்து நாளில் கசந்து காறல் வாடை வீசுகிறது. மில்காரர் பழைய கம்பைக் கலந்துவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை, மில்காரரை விட்டுவிடுங்கள். முழு மணியாக இருக்கும் வரை கம்பின் கொழுப்பும், அதைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைத்த கணமே சுவர் இடிந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. லைப்பேஸ் கொழுப்பிலிருந்து அமிலங்களை அறுத்து விடுவிக்கிறது. கசப்பு அங்கே தொடங்குகிறது. விடுபட்ட அமிலங்களில் லினோலீயிக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மிக எளிதில் வினைபுரியும். ஒலீயிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகம். சிக்கு வாடை அதன் விளைவு.

இதற்கு நம் பகுதியின் காற்றும் துணைபோகிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்றுதான். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் மாவு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நொதிக்கு அது வசதியாகிவிடும். மில்லிலிருந்து சூடாக வந்த மாவை ஆறவிடாமல் டப்பாவில் அடைப்பது இன்னும் கெடுதல். நானே இதைச் செய்து இரண்டு கிலோ கம்பு மாவைத் தெருவில் வரும் மாட்டுக்கு வைத்தேன். மாடும் யோசித்துத்தான் தின்றது.

வியப்பான செய்தி ஒன்று: கசந்துபோன அந்த மாவை ஆய்வுக்கு அனுப்பினால் கொழுப்பு ஏறக்குறைய முன்பிருந்த அளவே காட்டும். அறுபட்ட அமிலங்களும் கரைப்பானில் கரையும்தானே. கெட்டதைக் காட்டுவது, விடுபட்ட அமிலங்களை அளக்கும் அமில எண் என்ற வேறொரு சோதனை. கொழுப்புச் சதவீதம் மட்டும் அச்சிட்ட அறிக்கையைக் காட்டி மாவு புதியது என்று யாரும் சொன்னால் ஏற்காதீர்கள்.

நனைத்த கம்பு மாவில் எலி வாடை போன்ற ஒரு நெடி எழுவதும் உண்டு. அதைக் கொழுப்பின் மேல் போட வேண்டாம். அது கம்பிலுள்ள பிளேவோன் வகைச் சேர்மங்களால் வருவது.

அப்படியானால் கம்பு மாவை எப்படி வைத்திருப்பது?

மணியாக வைத்திருங்கள்; ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். சௌகார்பேட்டையில் பஜ்ரா ரொட்டி சுடும் வீடுகளில் மாவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரைக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கம்பை வறுத்தோ, கொதிநீரில் சில விநாடிகள் போட்டெடுத்து நன்கு உலர்த்தியோ அரைத்தால் லைப்பேஸ் பெரிதும் செயலிழக்கும். மாவு கூடுதல் நாள் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் நல்லதே.

விதையிலேயே தீர்வு காணும் முயற்சியும் நடக்கிறது. லைப்பேஸ் மரபணுக்கள் சில செயலிழந்த கம்பு வகைகளில் மாவு விரைவில் கசப்பதில்லை என்பது 2022-இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது. கொழுப்பைக் குறைக்காமலேயே கசப்பைக் குறைக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

கேழ்வரகு மாவு மட்டும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது எப்படி?

கொழுப்பு குறைவு, இருக்கும் கொழுப்பிலும் எளிதில் சிக்குப்பிடிக்காத ஒலீயிக் முந்தி நிற்கிறது, விதையுறையிலுள்ள பாலிபீனால்கள் ஆக்சிஜன் வினையைத் தடுக்கின்றன. பஞ்சத்துக்கு உதவும் என்று கேழ்வரகை ஆண்டுக்கணக்கில் சேமித்துவைத்த வழக்கம் இந்தக் குணத்தை நம்பி வளர்ந்ததே.

கடையில் விற்கும் தினை அரிசி, சாமை அரிசி தீட்டியதா, தீட்டாததா? அதனால் என்ன மாறும்?

தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்துக்கும் மேலே உமி உண்டு. அதை நீக்காமல் சமைக்க முடியாது. உமியோடு நிறுத்தினால் கொழுப்பு பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு மேலும் தீட்டினால் தவிடும் முளைக்கருவும் போய்விடும். அவற்றோடு கொழுப்பும், லினோலீயிக் அமிலமும் போகும். கையில் எடுத்துப் பாருங்கள்: பளபளவென்று ஒரே வெண்மையாக இருந்தால் தீட்டியது, மங்கலான மஞ்சளோ பழுப்போ கலந்து, விரலில் லேசாகத் தவிட்டுப் பொடி ஒட்டினால் அவ்வளவாகத் தீட்டாதது. வியாபாரிகள் ஏன் தீட்டுகிறார்கள் என்றால், தவிடு இருக்கும் அரிசி சீக்கிரம் காறிப்போகும், பூச்சியும் விரைந்து வரும். சத்தும் கெடுதியும் ஒரே அடுக்கில் குடியிருக்கின்றன. ஆகவே தீட்டாததை வாங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் தேக்கிவைக்க வேண்டாம்.

மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் கொழுப்பு அமிலங்கள் போய்விடுமா?

ஓரிரவு புளிப்பதால் குறிப்பிடத்தக்க இழப்பு எதுவும் நேராது. புளிப்பு பெரும்பாலும் மாவுச்சத்திலும் சர்க்கரையிலும் நடக்கும் வேலை. முளைகட்டுவது வேறு: முளை வளர்வதற்கு விதை தன் கொழுப்பையே எரித்துக்கொள்வதால், முளைகட்டிய மாவில் கொழுப்பு குறையும். கூழில் உண்மையான மாற்றத்தைச் செய்வது தண்ணீர்தான். ஒரு சொம்புக் கூழில் மாவு ஐம்பது கிராம் இருந்தால் அதுவே அதிகம், நொய்யரிசியும் சேரும். கேழ்வரகானால் அந்த ஐம்பது கிராமில் மொத்தக் கொழுப்பு ஒரு கிராம்.

கம்பு சாப்பிட்டால் ஒமேகா-3 கிடைக்கும் என்கிறார்களே, மீனை நிறுத்திவிடலாமா?

காசிமேட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி. கம்பிலுள்ள ஒமேகா-3 என்பது லினோலெனிக் அமிலம்தான்; நூறு கிராம் கம்பில் அது ஏறத்தாழ 0.14 கிராம். ஒரு நாளின் ஆற்றலில் குறைந்தது 0.5 சதவீதம் இந்த அமிலத்திலிருந்து வர வேண்டும் என்பது உலக நிறுவனங்களின் பரிந்துரை. 2000 கலோரி உண்பவருக்கு அது 1.1 கிராம். கம்பு அதில் எட்டில் ஒரு பங்கு தருகிறது. மேலும், மத்தி மீனில் உள்ள நீண்ட சங்கிலி ஒமேகா-3 வேறு. லினோலெனிக்கை உடல் அதுவாக மாற்றிக்கொள்வது மிகச் சொற்பம். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு தொட்டுக்கொள்ளும் வழக்கத்தை மாற்றுவதற்கு இதில் காரணம் எதுவும் இல்லை. மத்தியிலும் எண்ணெய் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் என்பதை மீன் வாங்குகிறவர்கள் அறிவார்கள். தானியம் மாறுவதை மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

லினோலீயிக் அமிலத்துக்காகவாவது கம்பு சாப்பிடலாமா?

கம்பைக் கம்புக்காகவே சாப்பிடுங்கள். லினோலீயிக் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்தரை கிராம் தேவை என்று கொண்டால், நூறு கிராம் கம்பு மூன்றில் ஒரு பங்கைத் தரும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் முழுவதையும் தந்துவிடும். சமையல் எண்ணெய் புழங்கும் வீட்டில் தானியத்தின் கொழுப்பு அமில வேறுபாடு உடல்நலக் கணக்கில் சிறிய வரிதான். அது பெரிதாகப் பேசுவது மாவின் ஆயுளிலும் சுவையிலும்.

சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் ஆகியவற்றின் கொழுப்பு?

அவற்றில் இருப்பது பெரும்பாலும் பாமாயிலின் கொழுப்பு. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

என் தானியத்தைச் சோதனைக்கு அனுப்ப விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பாதீர்கள். மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்து, ஒரு தாளில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மீண்டும் கலந்து பிரித்து அரைக் கிலோ வரும் வரை குறையுங்கள். அரைக்காமல் மணியாகவே, காற்றுப் புகாத உறையில் அனுப்புங்கள். உறையின் மேல் ரகம், வாங்கிய நாள், தீட்டியதா இல்லையா என்பதை எழுதுங்கள். மொத்தக் கொழுப்பு எந்த முறையில் வேண்டும், அமிலங்கள் கொழுப்பின் சதவீதமாக வேண்டுமா, நூறு கிராம் தானியத்தில் இத்தனை மில்லிகிராம் என்று வேண்டுமா, ஈரம் நீக்கிய கணக்கா நீக்காததா என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள், ஒரே மாதிரியை இரண்டு உறைகளில் வெவ்வேறு எண்ணிட்டு ஒரே கூடத்துக்கு அனுப்பலாம்; இரண்டு விடைகளுக்கும் இடையில் எவ்வளவு தள்ளி வருகிறதோ, அதற்கும் குறைவான வேறுபாட்டை வைத்து இந்தக் கம்பு உயர்ந்தது, அந்தக் கம்பு தாழ்ந்தது என்று பேச முடியாது. மில் உரிமையாளரும் அடுத்த முறை அப்படித்தான் அனுப்பினார். இரண்டு உறைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கேட்டார்கள் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.